கமகக் குறிகளை இசைத்தாள் மென்பொருளில் வரைவது: படமா, எழுத்துருவா?

கேள்வி, 4 பிப்ரவரி 2024

ஆதி தாள வர்ணம் ஒன்றை மியூஸ்ஸ்கோர் என்ற இசைத்தாள் மென்பொருளில் ஸ்டாஃப் நோட்டேஷனாக, அதாவது மேலைநாட்டு ஐந்து கோட்டு முறையில், அடித்து முடித்துவிட்டேன். வெளிநாட்டில் வயலின் படிக்கும் பிள்ளைகளுக்காக. சுரம் மட்டும் போட்டால் எலும்புக்கூடு மாதிரி இருக்கிறது. சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் வரும் கமகக் குறிகளை, அதாவது சுரம் எப்படி அசைய வேண்டும் என்று காட்டும் குறிகளை, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து, பிஎன்ஜி படமாக்கி, ஒவ்வொரு நோட்டின் மேலும் ஒட்டிவிட்டால் போதாதா? எழுத்துரு செய், கட்டளைகளை எழுதி இசைத்தாள் ஆக்கும் லில்லிபாண்டைப் படி என்று ஏன் இத்தனை பாடு? இரண்டு பக்கம் ஒட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

4 பிப்ரவரி 2024, இரவு

இரண்டு பக்கத்தில் ஒன்றும் தெரியாது. முழு வர்ணத்தையும் ஒட்டி முடித்துவிட்டு ஸ்டாஃப் அளவைக் கொஞ்சம் குறையுங்கள். அல்லது வயோலாக்காரர் ஒருவருக்காக ஐந்தாம் சுரம் இறக்கிக் கொடுங்கள். அப்போது தெரியும்.

மியூஸ்ஸ்கோரில் படத்தை ஒரு நோட்டின் மேல் இழுத்துப் போட்டால் அது அந்த நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். வரி உடைந்து நோட் அடுத்த வரிக்குப் போனால் படமும் கூடவே போகும். அதுவரை சரி. ஆனால் அதை மேலே தள்ளி வைத்த தூரம் நீங்கள் கையால் வைத்தது. நோட்டின் உயரம் மாறியதும் அந்தத் தூரம் பொய்யாகிறது. ஒன்று தண்டில் இடிக்கும், இல்லையென்றால் மேல் வரியின் சாகித்தியத்தில் போய் உட்காரும். நூற்றுக்கணக்கான குறிகளைத் திரும்பவும் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டிவரும்.

பிஎன்ஜி வேண்டவே வேண்டாம். கணக்கு எளிது. ஸ்டாஃப் உயரம் சுமார் 7 மில்லிமீட்டர். நொக்கு என்ற கமகத்தின் குறி அதன் மேல் 2 மில்லிமீட்டர் அகலம் வரும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஏற்றுமதி செய்தால் அந்த 2 மில்லிமீட்டருக்குக் கிடைப்பது 24 புள்ளிகூட இல்லை. ஆங்கில டபிள்யூ போன்ற ஒரு வடிவத்தை 24 புள்ளியில் வரைந்தால் சாய்கோடுகள் எல்லாம் படிக்கட்டாகும். திரையில் தெரியாது, அச்சில் பளிச்சென்று தெரியும். படம்தான் வேண்டுமென்றால் எஸ்விஜி போடுங்கள். படத்தின் பண்புகளில் அளவை ஸ்டாஃப் இடைவெளிக் கணக்கில் வைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கிவையுங்கள், ஸ்டாஃப் சிறுத்தால் படமும் சிறுக்கும்.

7 பிப்ரவரி 2024

அன்று எழுதியதில் பாதி மருத்துவம்தான். நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

குறி வரையத் தொடங்குமுன் ஒவ்வொன்றிடமும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இது எதைச் சேர்ந்தது? ஒரு நோட்டையா, ஒரு கால நீளத்தையா, பக்கத்தையா?

நொக்கு, ரவை, கண்டிப்பு, ஸ்புரிதம், ஒதுக்கல் ஆகிய கமகங்கள் எல்லாம் நோட்டைச் சேர்ந்தவை. நோட் எங்கே போனாலும் அதன் தலைக்கு மேல் அதே தூரத்தில் நிற்க வேண்டியவை. இவற்றுக்கு எழுத்துரு. சுரத்தை அலைபோல் அசைக்கும் கம்பிதம் கால நீளத்தைச் சேர்ந்தது. இரண்டு அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை ஓர் அட்சரம்) நீடிக்கும் காந்தாரத்துக்கு அலை இரண்டு அட்சரமும் ஓட வேண்டும், அரை அட்சரத்துக்குக் கொஞ்சம்தான். இதைப் படமாக ஒட்டுவது முழு வீண். வரியின் இடைவெளி மாறும் ஒவ்வொரு முறையும் அலை நீளமாகவோ குட்டையாகவோ போய்விடும். இது கோடு. ராகத்தின் சுரஸ்தான அட்டவணை, வயலின் விரல் பலகைப் படம், பாடகர் குரலின் சுருதி வரைபடம் இவையெல்லாம் பக்கத்தைச் சேர்ந்தவை. இவை மட்டும்தான் படம்.

இந்தப் பிரிவைச் செய்துவிட்டால் எந்த மென்பொருளில் இருக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியமில்லை. டோரிக்கோவில் வாசிப்பு நுட்பங்களுக்கான எடிட்டரில் எழுத்துருக் குறியையோ எஸ்விஜியையோ ஏற்றலாம். ஒரு வடிவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கிக் கோடாக்கவும் முடியும். சிபேலியஸில் குறிகள் எல்லாமே ஏதோ ஓர் எழுத்துருவின் எழுத்துகள்தான். லில்லிபாண்டில் எல்லாவற்றையும் எழுதித்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒருமுறை சொன்னால் போதும்.

7 பிப்ரவரி 2024, பின்னர்

கம்பிதத்துக்கு ஒன்றும் வரைய வேண்டாம், விட்டுப்போயிற்று. இசை எழுத்துருக்களுக்கான ஸ்மூஃபில் என்ற பொதுத் தரம் 2013-இல் பிராவுரா எழுத்துருவோடு வெளிவந்தது. 2015-இலிருந்து வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் இசைக் குறியீட்டுக் குழு அதைப் பராமரிக்கிறது. அதில் அலைக்கோடுகளுக்கென்றே ஒரு தொகுதி உண்டு. நெருங்கிய அலை, அகன்ற அலை, வேகம் கூடும் அலை என்று துண்டு துண்டாக வைத்திருக்கிறார்கள். மியூஸ்ஸ்கோரில் கோடுகள் பேலட்டில் உள்ள வைப்ரேட்டோ கோடே போதும். ட்ரில் (இரு சுரங்களை வேகமாக மாறி மாறி வாசிப்பது) கோட்டைப் போட்டால் மட்டும் அதன் ஒலியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணினி தோடி காந்தாரத்தை மேலைநாட்டு ட்ரில்லாக அடித்துக் காட்டும். பிள்ளைகள் அதையே கேட்டுப் பழகிவிடும்.

ஸ்மூஃபிலில் பாரசீக இசையின் கோரோன், சோரி இருக்கின்றன, துருக்கி இசையின் ஏற்ற இறக்கக் குறிகள் இருக்கின்றன. கர்நாடக கமகங்களுக்கென்று தனித் தொகுதி நான் தேடியவரை இல்லை. இந்த இழையைத் தொடரக் காரணமே அதுதான்.

11 பிப்ரவரி 2024

எழுத்துரு எப்படிச் செய்வது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருள் இலவசம், அதை வைத்துச் சொல்கிறேன்.

புது எழுத்துரு. எம் அளவு 1000. ஸ்மூஃபில் வழக்கப்படி ஒரு எம் என்பது ஸ்டாஃபின் முழு உயரம், அதாவது நான்கு இடைவெளி. ஆகவே ஒரு இடைவெளிக்கு 250 அலகு. எல்லாவற்றையும் இந்த 250-ஐ வைத்து யோசியுங்கள், மில்லிமீட்டரை மறந்துவிடுங்கள். நொக்கு 300 அகலம், 180 உயரம் வந்தால் என் கண்ணுக்கு அளவாக இருக்கிறது. யூனிகோடில் தனிப்பயனுக்கென்று 6,400 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஸ்மூஃபில் தன் குறிகளை அதன் முற்பகுதியில் வைத்திருக்கிறது, நீங்கள் வால் பகுதியில் வையுங்கள்.

கோட்டுத் தடிமன்தான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். பிராவுராவின் ஸ்டாஃப் கோடு 0.13 இடைவெளி, நம் கணக்கில் 32 அலகு சொச்சம், தாளில் 0.23 மில்லிமீட்டர். உங்கள் குறி அதைவிட மெலிந்தால் முதல் ஜெராக்ஸில் காணாமல் போகும். நான் 40 அலகுக்குக் கீழே போவதில்லை. மாணவர்கள் கையில் இருப்பது நாம் எடுத்த அச்சுப்படி இல்லை, அதன் நகலின் நகல். அந்த மூன்றாம் நகலில் நிற்கும் தடிமன் எதுவோ அதுதான் சரியான தடிமன்.

இங்க்ஸ்கேப்பில் வரைந்ததை உள்ளே கொண்டுவருமுன், கோட்டை வெளிவடிவமாக மாற்றிவிடுங்கள். வெறும் கோட்டைக் கொண்டுவந்தால் தடிமன் வேறாகிறது, சில சமயம் கறுப்பு நிரம்பி அடையாளமே தெரியாமல் போகிறது.

மியூஸ்ஸ்கோரில்: ஸ்டாஃப் டெக்ஸ்ட் ஒன்று போட்டு, அதன் எழுத்துருவை உங்களுடையதாக மாற்றி, அளவு ஸ்டாஃபைப் பின்தொடரட்டும் என்ற தேர்வை இயக்கி, அதைக் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு சொந்த பேலட்டுக்குள் இழுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு நோட்டைத் தேர்ந்து பேலட்டைத் தட்டினால் குறி விழும். மேல் நோட், கீழ் நோட் எதுவானாலும் இடிக்காமல் அதுவே ஒதுங்கும்.

லில்லிபாண்டில் ஓர் அளவுச் சிக்கல் உண்டு. இயல்பான ஸ்டாஃப் 20 பாயிண்ட் உயரம், ஆனால் உரை எழுத்தின் இயல்பு அளவு 11 பாயிண்ட். அதனால் உங்கள் குறி பாதிக்குக் கொஞ்சம் மேலான அளவில்தான் வந்து நிற்கும். அங்கே எழுத்தளவு ஆறு படி ஏறினால் இரட்டிப்பாகும். 11-ஐ 20-க்குக் கொண்டுபோக ஐந்து படியும் இம்மியும் வேண்டும். 5.2 என்று கொடுங்கள், சரியாக உட்காரும்.

12 பிப்ரவரி 2024

“பிராவுராவையே திறந்து அதற்குள் நம் குறிகளைச் சேர்த்துவிடலாமே?”

சேர்க்கலாம், உரிமம் அனுமதிக்கிறது. ஆனால் பெயரை மாற்ற வேண்டும். பிராவுரா என்ற பெயர் ஒதுக்கப்பட்டது. தனி எழுத்துரு வைத்துக்கொள்வதே நிம்மதி. பிராவுரா புதுப்பிக்கப்படும்போது உங்கள் வேலை அப்படியே இருக்கும்.

25 பிப்ரவரி 2024

இப்போது நிஜமான பிரச்சினைக்கு வருகிறேன். மென்பொருள் சம்பந்தப்பட்டதே இல்லை.

சுப்பராம தீட்சிதரின் புத்தகம் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சானது. தெலுங்கு எழுத்தில் சுரம், சுரத்தின் தலைக்கு மேல் கமகக் குறி. அந்தக் குறிகள் சுர எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டவை. எழுத்துகளுக்கு மேலே வேறு எதுவும் போட்டியில்லை. ஐந்து கோட்டு உலகத்துக்குள் அவற்றைக் கொண்டுவந்தால் அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். ரவைக்கு மேல்நோக்கிய கூர்முனை. ஸ்டாஃபில் அதுவே மார்க்காட்டோ, அழுத்தி வாசி. வளிக்கு ஒரு வளைகோடு. ஸ்டாஃபில் அது ஸ்லர், வயலின் வில்லைத் திருப்பாமல் ஒரே இழுப்பில் வாசி. கண்டிப்புக்கு டிக். மேலைநாட்டுப் பாடகர் அதை மூச்சு விடும் இடம் என்பார். ஒதுக்கலுக்குப் பெருக்கல் குறி, நோட்டுக்கு முன்னால் தவறி நகர்ந்தால் டபுள் ஷார்ப். ஸ்புரிதத்தின் மூன்று புள்ளியில் ஒரு கீழ்ப்புள்ளி நோட்டின் பக்கம் சரிந்தால் ஸ்டக்காட்டோ.

வயலின் மாணவி ஒருத்தி நான் கொடுத்த தாளில் வளியின் வளைகோட்டைப் பார்த்து, மூன்று நோட்டையும் ஒரே வில்லில் இழுத்துக் காட்டினாள். அவள் கற்ற மொழிப்படி அதுதான் சரி.

அப்படியானால் குறிகளின் வடிவத்தை மாற்றுவதா? சிலர் மாற்றியிருக்கிறார்கள், ஆளுக்கொரு விதமாக. எனக்கு அதில் சம்மதமில்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஒரு மரபில் புழங்கிய வடிவம். மியூசிக் அகாடமியின் தமிழ்ப் பதிப்பைப் படிக்கிற பிள்ளை ஸ்டாஃபிலும் அதே குறியைப் பார்க்க வேண்டும். வடிவத்தைத் தொடாமல் இடத்தை மாற்றினேன். கமகங்களுக்கு ஸ்டாஃபுக்கு மேலே தனி வரிசை. நோட் ஏறினாலும் இறங்கினாலும் அந்த வரிசை ஒரே உயரத்தில் போகும். ஸ்டாஃபுக்கும் அதற்கும் நடுவில் வில் குறிகள், விரல் எண்கள், மேலைநாட்டுக் குறிகள் எல்லாம். வரிசை மாறினால் மொழியும் மாறுகிறது என்பது கண்ணுக்கே புரிந்துவிடுகிறது. அந்த மாணவி அதற்குப் பிறகு விளக்கம் கேட்கவில்லை.

லில்லிபாண்டில் இதற்கு டைனமிக்ஸ் என்ற சூழலை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோவுக்கு ஒலி அளவுக் குறிகளை நடுவில் வைக்க ஏற்படுத்தியது அது. அதற்குள் ஒலியில்லாத கால இடைவெளிகளை மட்டும் எழுதி, வேண்டிய இடத்தில் குறியைத் தொங்கவிட்டால் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். சுரம் தனி, கமகம் தனி என்று கோப்பிலும் பிரிந்துவிடுவது கூடுதல் லாபம். ஒரே கீர்த்தனைக்கு இரண்டு பாடாந்தரம் (பாடும் வழி) இருந்தால் சுரத்தைத் தொடாமல் கமக வரியை மட்டும் மாற்றலாம்.

26 பிப்ரவரி 2024

நேற்றைய குறிப்புக்கு ஒருவரின் மறுப்பு: “தனி வரிசையில் வைத்தால், நோட்டைச் சேர்ந்தது என்று நீங்களே சொன்ன குறி நோட்டைவிட்டுத் தூரம் போகிறதே?”

நல்ல மறுப்பு. செங்குத்தாகத் தூரம் போகிறது, காலத்தில் போகவில்லை. நோட் இடம் வலம் நகர்ந்தால் குறியும் நகரும். அதுதான் நான் விடமாட்டேன் என்கிற பிணைப்பு. ஆனால் சுரங்கள் நெருங்கி வரும் சிட்டைசுரப் பகுதிகளில் எந்தக் குறி எந்த நோட்டுக்கு என்று கண் தடுமாறுகிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கே மட்டும் வரிக்கு அரை ஆவர்த்தனம் (தாளத்தின் அரைச் சுற்று) என்று உடைத்துவிடுகிறேன். காகிதம் கூடும். கூடட்டும்.

3 மார்ச் 2024

ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் ஜாரு பற்றி. தீட்சிதர் புத்தகத்தில் ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் மேலும் கீழும் சாய்ந்த கோடுகள். சுர எழுத்துகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்பதால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறிதான் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டாஃபில் உயரம் கண்ணுக்கே தெரிகிறது, கிளிசாண்டோ கோடு இரண்டு நோட்டையும் இணைத்துவிடும். இங்கே தனிக் குறி தேவையில்லை என்று முதலில் நினைக்கத் தோன்றும்.

ஆனால் கிளிசாண்டோ பார்த்துப் பழகிய கை முதல் நோட்டை விட்டதும் வழுக்கத் தொடங்கி, ஒரே சீராகப் போய்ச் சேரும். நம் ஜாரு அப்படியில்லை. புறப்படும் சுரத்தில் நிற்கும், பிறகு கடைசி நேரத்தில் போகும். நீண்ட ஜாருவில் அந்த நிற்கும் நேரத்தையே எழுதிவிடுகிறேன்: ஒரு நோட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் ஒரே ஒலியாக இணைக்கும் டை போட்டு, பின் துண்டிலிருந்து கோட்டை இழுக்கிறேன். சின்ன ஜாருவுக்குச் சாய்கோட்டுக் குறியே போதும், கமக வரிசையில்.

19 ஏப்ரல் 2024

கொஞ்சம் விலகிப் போகிறேன், இதுவும் சொந்தக் குறி வரையும் கதைதான். ஸ்டாஃபே வேண்டாம், தமிழ் ஸ ரி க ம-வையே அழகாக அச்சிட வேண்டும் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்.

தாரஸ்தாயிக்கு எழுத்தின் மேல் புள்ளி, மந்தரத்துக்குக் கீழே புள்ளி. தமிழில் மேல்புள்ளி ஏற்கெனவே மெய்யெழுத்தின் புள்ளி. தார ஷட்ஜத்தை அடித்தால் கண் ‘ஸ்’ என்று படிக்கிறது. பாடத் தெரிந்தவர் சமாளிப்பார், முதல் வருஷப் பிள்ளை தடுக்கும். யூனிகோடின் பொதுவான மேல்புள்ளியைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் மோசம். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அதற்கு நங்கூரம் கிடையாது. ‘ரி’யின் மேல்விலங்கில் மோதும், ‘நி’யில் எங்கோ ஒதுங்கி நிற்கும்.

இரண்டாம் காலத்துக்கு மேலே ஒரு கோடு, மூன்றாம் காலத்துக்கு இரண்டு கோடு என்பதும் சேர்ந்துகொள்ளும்போது புள்ளியை எங்கே வைப்பது? கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவில் வைத்தால் மெய்ப்புள்ளி போலவே ஆகிவிடுகிறது. கோட்டுக்கு மேலே வைத்தால் புள்ளி எந்த எழுத்துக்கு என்று சந்தேகம். நான் கண்டுகொண்டது: புள்ளியை எழுத்தோடு சேர்க்காமல் தனிக் குறியாக, மெய்ப்புள்ளி நிற்கும் உயரத்தைவிடத் தெளிவாக ஒரு படி மேலே, கொஞ்சம் பெரிதாக வைப்பது, காலக் கோட்டை அதற்கும் மேலே தள்ளுவது. வரி இடைவெளியைக் கூட்டியே ஆக வேண்டும். ஆனால் ‘ஸ்’ என்று யாரும் படிப்பதில்லை.

சாகித்தியம் பற்றியும் ஒரு வரி: லில்லிபாண்ட் பாங்கோ என்ற எழுத்தமைப்பு நிரல் வழியாக எழுத்தை அமைப்பதால் ‘கொ’, ‘கௌ’ எல்லாம் உடையாமல் வருகின்றன. பழைய மென்பொருள் சிலவற்றில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

30 ஜூன் 2024

படம்தான் வேண்டும் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடத்துக்கு வந்துவிட்டேன். தோடி காந்தாரம்.

ஷட்ஜத்தை சி என்று வைத்தால் ஸ்டாஃபில் அது ஈ ஃபிளாட். பாடுகிற குரலோ ஈ ஃபிளாட்டில் நிற்பதே அபூர்வம், ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். ஓர் அலைக்கோடு போட்டால் ‘அசை’ என்று மட்டும்தான் சொன்னதாகிறது. எங்கிருந்து எங்கே, எங்கே நின்று, எத்தனை முறை என்று சொல்லவில்லை. அதற்குக் குரலின் சுருதி வரைபடம்தான் வழி. அம்ஸ்டர்டாமில் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் எழுதிய பிராட் என்ற இலவச மென்பொருள் பேச்சொலி ஆய்வுக்கானது. ஆனால் தம்பூரா இல்லாமல் பதிவு செய்த குரலுக்கு அருமையாக வரைந்து தருகிறது. தம்பூரா சேர்ந்திருந்தால் அதன் சுருதியைக் குரல் என்று எடுத்துக்கொண்டு குழம்பும்.

அந்த வரைபடத்தை ஸ்டாஃபின் மேலேயே படரவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். வரைபடத்தில் அரைச்சுரம் ஒவ்வொன்றும் சம உயரம். ஸ்டாஃபில் ஒரு படி சில இடத்தில் அரைச்சுரம், சில இடத்தில் முழுச்சுரம். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் வளைவு பொய் சொல்லும். ஸ்டாஃபுக்குக் கீழே தனிப் பட்டையாக வைத்து, சுரஸ்தானங்களுக்கு மெல்லிய கிடைக்கோடுகள் போட்டு, இடப்பக்கம் ரி, க, ம என்று எழுதிவிடுங்கள்.

அடுத்தது அகலம். இசைத்தாளில் நோட்டுகளின் இடைவெளி காலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. இரண்டு மடங்கு நீண்ட நோட்டுக்கு இரண்டு மடங்கு இடம் கொடுப்பதில்லை, அதைவிடக் குறைவாகவே கொடுக்கிறார்கள், தட்டில் செதுக்கிய காலத்திலிருந்தே. வரைபடமோ காலத்துக்கு நேர்விகிதம். அப்படியே கீழே ஒட்டினால் இரண்டாவது அட்சரத்திலேயே விலகிவிடும். லில்லிபாண்டில் புரொபோர்ஷனல் நோட்டேஷன் டியூரேஷன் என்ற அமைப்பை இயக்கி, கூடவே சீரான நீட்சியையும் இயக்கினால் நோட்டுகள் காலக் கணக்குப்படி நிற்கும். ஒரு வரிக்கு ஓர் ஆவர்த்தனம் என்று கட்டாயமாக உடையுங்கள். நோட்டுகள் ஓடும் அகலம் 160 மில்லிமீட்டர் என்றால் ஆதி தாளத்தின் 8 அட்சரத்துக்குத் தலா 20 மில்லிமீட்டர். கிளெஃபும் கீ சிக்னேச்சரும் வரியின் தொடக்கத்தில் இடம் தின்னும், அதைக் கழித்துவிட்டு முதல் நோட்டிலிருந்து அளக்க வேண்டும். நான் இந்தப் பக்கங்களில் கிளெஃபை முதல் வரியோடு நிறுத்திவிடுகிறேன்.

இவ்வளவும் செய்த பிறகு, பாடியவர் மெட்ரோனோம் இல்லையே என்பது நினைவுக்கு வரும். ஐந்தாம் அட்சரம் சற்று நீண்டிருக்கும். ஒலியின் மேல் நேரக் குறிகள் இடும் பிராடின் டெக்ஸ்ட்கிரிடில் ஒவ்வொரு அட்சரத்தின் தொடக்கத்தையும் குறித்து, வரைபடத்தை அட்சரம் அட்சரமாக வெட்டி, ஒவ்வொன்றையும் அதே 20 மில்லிமீட்டருக்கு இழுத்து வைக்கிறேன். பாடியவரின் கால நெகிழ்ச்சி அழிந்துபோகிறதே என்று எனக்கு மனசு உறுத்துகிறது. நீட்டாமல் விட்டால் படிப்பவர் எந்த நோட் எந்த வளைவு என்று தேட வேண்டியிருக்கிறது. கற்பிக்கும் தாளுக்கு நீட்டியது. ஆய்வுக் கட்டுரைக்கு நீட்டாதது. இரண்டு நோக்கத்துக்கும் ஒரே படம் போதாது.

2 ஜூலை 2024

ஒரு சின்னச் சேர்க்கை. அந்த வரைபடத்தை இபிஎஸ் ஆக லில்லிபாண்டுக்குள் ஏற்றினால் பிடிஎஃப்-இல் சரியாக வரும். எஸ்விஜி வெளியீட்டில் வராது. வலைப்பக்கத்துக்கும் வேண்டும் என்றால் வளைவைப் பாத் கட்டளையாக மாற்றி எழுதுங்கள், இரண்டிலும் வரும். போஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளையை இனிமேல் புதிதாக யாரும் தொடாதிருப்பது நல்லது.

27 ஆகஸ்ட் 2024

ஃபினாலே என்ற இசைத்தாள் மென்பொருள் நிறுத்தப்படுகிறது என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். 35 வருஷம். எனக்குத் துக்கமாக இருக்கிறது. சொந்தக் குறி வரைவதற்கு மென்பொருளுக்குள்ளேயே ஷேப் டிசைனர் என்று ஓர் அறை வைத்திருந்தவர்கள் அவர்கள். கோடு, வில், நீள்வட்டம் என்று அங்கேயே வரைந்து எக்ஸ்பிரஷனாகச் சேமித்துக்கொள்ளலாம். அதில் கமகக் குறிகள் வரைந்து வைத்திருப்பவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள்.

மென்பொருள் திறக்கிற நிலையில் இருக்கும்போதே ஒன்று செய்யுங்கள். மென்பொருள்களுக்கு இடையே இசைத்தாளைக் கடத்தும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்தால் சுரமும் காலமும் சாகித்தியமும் வரும். ஷேப் டிசைனரில் வரைந்த வடிவங்கள் வருமென்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு குறியையும் ஒரு வெற்றுப் பக்கத்தில் பெரிதாக வைத்து பிடிஎஃப் எடுத்து, அதை இங்க்ஸ்கேப்பில் திறந்தால் வடிவம் வெக்டராகவே கிடைக்கும். அங்கிருந்து எழுத்துருவுக்கு. எந்தப் பக்கத்தில் எந்த நோட்டுக்கு எந்தக் குறி என்பதற்கு முழுத்தாளின் பிடிஎஃப் ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துருவில் இருந்த குறிகள் இந்த மாதிரி நேரத்தில் பிழைத்துக்கொள்கின்றன. மியூசிக்எக்ஸ்எம்எல் 3.1, 2017-இல் வந்தது, அதிலிருந்து ஸ்மூஃபில் குறிகளைப் பெயர் சொல்லியே கடத்தலாம். நம் சொந்தக் குறியும் ‘இந்த எழுத்துருவில் இந்த எழுத்து’ என்ற அளவிலாவது உரைக் குறிப்பாகப் போய்ச் சேருகிறது. எழுத்துருவைப் புதுக் கணினியில் நிறுவியதும் குறி தானே தெரியும்.

14 செப்டம்பர் 2024

“உங்கள் எஸ்விஜி தாளை என் போனில் திறந்தால் கமகம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் காலிப் பெட்டி.”

உங்கள் போனில் அந்த எழுத்துரு இல்லை. லில்லிபாண்டின் எஸ்விஜி வெளியீடு நோட்டுத் தலை, கிளெஃப் போன்ற தன் சொந்த இசைக் குறிகளை வடிவமாகவே எழுதிவிடும். உரைக் குறிப்பாக வரும் எழுத்துகளை எழுத்தாகவே விட்டுவிடும். நம் கமகங்கள் இரண்டாம் வகையில் போய்விடுகின்றன. இங்க்ஸ்கேப்பில் திறந்து எழுத்துகளை வடிவமாக மாற்றிச் சேமித்ததை இன்று மாலை வைத்துவிடுகிறேன். பிடிஎஃப்-இல் இந்தத் தொல்லை இல்லை, எழுத்துரு உள்ளேயே பொதிந்துவிடும். ஆனாலும் அனுப்புமுன் எழுத்துருவே நிறுவாத ஒரு கணினியில் திறந்து பாருங்கள்.

8 டிசம்பர் 2024

சீசன் சமயம், நேரமில்லை. ஆனால் ஒருவர் எழுதியதற்குப் பதில் சொல்லாமல் விட முடியவில்லை: “கர்நாடக சங்கீதத்தை ஸ்டாஃபில் எழுதுவதே வெள்ளைக்காரப் பழக்கம், அதில் கமகக் குறி வேறா?”

சென்னையில் சின்னசாமி முதலியார் 1893-இலேயே நம் கீர்த்தனைகளை ஐந்து கோட்டில் அச்சிட்டார். சுப்பராம தீட்சிதரிடம் கீர்த்தனைகளைக் கேட்டு எழுதியவர் அவர். தீட்சிதர் தம்மிடம் இருந்ததையெல்லாம் புத்தகமாக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். ஆக ஸ்டாஃபும் கமகக் குறிகளும் ஒரே தலைமுறையில், ஒருவரையொருவர் அறிந்தவர்கள் கையில் வளர்ந்தவை. அவை இரண்டும் ஒரே தாளில் சேருவதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. குருவிடம் உட்கார்ந்து கேட்பதற்கு இது மாற்று என்று நான் எங்கும் சொல்லவில்லை. வாரம் ஒருநாள் கணினித் திரை வழியாக மட்டும் குருவைப் பார்க்கிற பிள்ளைக்கு, மீதி ஆறு நாளும் காந்தாரம் அசைய வேண்டும் என்று நினைவூட்ட இந்தத் தாள் வேண்டும்.

11 ஜனவரி 2025

குறிகளின் எழுத்துருவை எடுத்துக்கொண்டவர்களுக்கு. வளியின் வளைகோட்டை மாற்றியிருக்கிறேன். முன்பு இரு முனையும் மெலிந்து முடிந்தது, ஸ்லரும் அப்படித்தான் மெலியும். இப்போது முழு நீளமும் ஒரே தடிமன், முனைகள் வெட்டினாற்போல. தனி வரிசையில் இல்லாத பழைய தாள்களிலும் இனிக் குழப்பம் குறையும். ஸ்புரிதத்தின் புள்ளிகளைக் கொஞ்சம் விலக்கியிருக்கிறேன், நகலில் ஒட்டிக்கொண்டு முக்கோணமாகிவிட்டன. பிரத்யாஹதம் அதன் தலைகீழ் என்பதால் அதற்கும் அதே மாற்றம். எழுத்துகளின் இடம் எதையும் மாற்றவில்லை, பழைய கோப்புகள் அப்படியே திறக்கும்.

குறி விளக்கப் பட்டியலை முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழேயே வையுங்கள். கடைசிப் பக்கத்தில் வைத்தால் ஜெராக்ஸ் எடுப்பவர்கள் அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.